கிளாட்ஸ்டனும் அரசாங்கக் கணக்கும்

இங்கிலாந்தில் நான்கு முறை பிரதம மந்திரியாக விளங்கிய வில்லியம் ஈவர்ட் கிளாட்ஸ்டனை அவர்தம் நாவன்மைக்காகவும், அயர்லாந்தின் பொருட்டு உழைத்தமைக்காகவும் போற்றுவோர் பலர். யாம் ஈண்டு எழுதப் புகுந்ததோ, 1866ஆம் ஆண்டில் அவர் நிறைவேற்றுவித்த தணிக்கைச் சட்டத்தைப் பற்றியாம். கணக்கு என்றதும் நண்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா; இக்கணக்கில் ஓர் அமைச்சரவையின் மானமே அடங்கியிருந்தது.

அவர் 1809 டிசம்பர் 29ஆம் நாள் லிவர்ப்பூல் நகரில் பெருவணிகர் ஜான் கிளாட்ஸ்டனின் மகனாய்ப் பிறந்தார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று, 1831இல் தொன்மொழி இலக்கியம், கணிதம் ஆகிய இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். (இலக்கியமே கதியென்று கிடக்கும் எம்மனோர்க்கு இச்செய்தி சற்றே அச்சந் தருவது!) குருத்தொண்டில் புக விழைந்தவர், தந்தையாரின் விருப்பிற்கிணங்கி அரசியலிற் புகுந்தார். பதினைந்தாம் அகவையில் தொடங்கிய நாட்குறிப்பை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் எழுதிவந்தார். இறைவன் அருளிய காலத்திற்கு இறைவனிடமே ஒப்புவிக்கும் கணக்காக அதனை அவர் கருதினார்.

எனினும் ஒன்றை மறைத்தல் நடுநிலையாகாது. தந்தையாரின் செல்வம் பெரும்பாலும் டெமராராவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்து ஈட்டித் தந்தது. 1833இல் இளைஞரான கிளாட்ஸ்டன் பார்லிமெண்டில் தோட்ட முதலாளிகளுக்காகப் பரிந்து பேசினார். அடிமைமுறை ஒழிந்தபோது தந்தையார் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் ஈட்டுத்தொகை பெற்றார். விடுதலை பெற்றவர்க்கோ ஒரு காசும் கிட்டவில்லை.

அக்காலத்து அரசாங்கக் கணக்கின் நிலை விந்தையானது. பழம் பொக்கிஷத்தில் வரவைக் குறிக்க, வெட்டுக்குறியிட்ட மரக்கோல்களை வைத்திருந்தனர். பயனற்றுப்போன அக்கோல்களை 1834இல் எரித்தபோதுதான் பார்லிமெண்டு மாளிகையே தீக்கிரையாயிற்று. பார்லிமெண்டு பணம் ஒதுக்கும். அப்பணம் ஒதுக்கிய காரியத்திற்கே செலவாயிற்றா என்பதைக் கடற்படை முதலிய சில துறைகளன்றிப் பிறவற்றில் அறியும் வழியில்லை. 1785 முதல் இருந்துவந்த தணிக்கை ஆணையாளரும் பெரும்பாலும் பொக்கிஷத் துறைக்கே விடை பகர்ந்தனர்.

1852இல் முதன்முறை பொக்கிஷ மந்திரியான கிளாட்ஸ்டன், அப்பதவியில் மீண்டும் அமர்ந்திருந்த 1861இல் பொதுக்கணக்குக் குழுவை ஏற்படுத்துவித்தார். 1866ஆம் ஆண்டுச் சட்டமோ பொக்கிஷக் காவலையும் தணிக்கையையும் ஒரே அதிகாரியிடம் சேர்த்தது. பார்லிமெண்டின் அனுமதியின்றி அவர் பணம் விடுவியார். செலவான பின் ஒவ்வொரு துறையின் கணக்கையும் ஆராய்ந்து காமன்ஸ் சபைக்கு அறிவிப்பார். இரு சபைகளும் வேண்டினாலன்றி அவரை விலக்கலாகாது. ஆளும் மந்திரி ஒருவர் தம் கைக்குத் தாமே விலங்கு பூட்டுவித்த செய்கை இது.

அவ்விலங்கின் கடுமையை அவர் விரைவில் உணர்ந்தார். 1868இல் பிரதம மந்திரியானார். 1873இல், அஞ்சல் துறை உயரதிகாரி ஸ்கடமோர் என்பார் தந்தித் தொழிலை விரிவாக்கும் ஆர்வத்தால், சேமிப்பு வங்கிப் பணம் முதலியவற்றில் எட்டு லட்சம் பவுனுக்கு மேல் பார்லிமெண்டின் அனுமதியின்றிச் செலவிட்டது அம்பலமாயிற்று. அவர் அப்பணத்தைத் தம் பையில் இட்டுக்கொள்ளவில்லை. தந்திக் கம்பிகளே நாடெங்கும் நீண்டன. ஆயினும் முறைகேடு முறைகேடே. பொக்கிஷ மந்திரி லோ வேறு துறைக்கு மாற்றப்பட்டார். அஞ்சல் மந்திரி விலகினார். கிளாட்ஸ்டனே பொக்கிஷப் பொறுப்பையும் ஏற்றார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி தோற்றது.

1898 மே 19ஆம் நாள் அவர் ஹாவர்டனில் மறைந்தார். அவருடைய சட்டம் 1921இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு சீட்டையும் பாராது தெரிந்தெடுத்துச் சோதிக்க இடம் ஏற்பட்டது. ஒரு குறை மட்டும் நெடுநாள் நின்றது. தணிக்கைத் தலைவர் எவர்க்கும் அஞ்ச வேண்டாதவராயினும், அவர்தம் ஊழியரின் தொகையைப் பொக்கிஷத் துறையே வரையறுத்து வந்தது. காவலனுக்கு வேண்டிய ஆட்களைக் காவலுக்குட்பட்டவரே எண்ணிக் கொடுத்த அம்முறை 1983ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் நீங்கியது.