மகதலேனா மரியாள் பாலியல் தொழிலாளியா? பைபிளில் இல்லாத கதை 1,400 வருஷம் ஓடியது எப்படி?

அவிழ்ந்த கூந்தல், வழியும் கண்ணீர், கையில் வாசனைத் தைலம். பாவத்தை விட்டுத் திருந்திய ஒரு பெண் இயேசுவின் காலடியில் அமர்ந்திருப்பார். ஓவியங்களிலும் சினிமாவிலும் பலமுறை பார்த்த காட்சிதான். அந்தப் பெண் யாரென்று கேட்டால், மகதலேனா மரியாள் என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் பைபிளைப் புரட்டிப் பார்த்தால், அந்தக் காட்சியில் அவர் பெயரே இல்லை. அவர் பாலியல் தொழில் செய்ததாக நான்கு சுவிசேஷங்களிலும் ஒரு வரிகூட கிடையாது.

அப்போ யார் இவர்?

முதலில் பெயர். அந்தக் காலத்து யூதர்களிடையே மரியாள் என்பது ரொம்பப் பொதுவான பெயர். இயேசுவின் தாய் மரியாள், பெத்தானியாவில் லாசருவின் சகோதரி மரியாள் என்று சுவிசேஷங்களிலேயே பல மரியாள்கள். பொதுவாகப் பெண்களை இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் அடையாளம் சொன்னார்கள். இவருக்கு மட்டும் ஊர்ப்பெயர்! மகதலா ஊர்க்காரர் என்பதால் மகதலேனா. தமிழ்க் கத்தோலிக்க பைபிளில் இவரே மகதலா மரியா.

மகதலா, கலிலேயா ஏரியின் மேற்குக் கரையில் இருந்த மீன்பிடி ஊர். மீனை உப்பிட்டுப் பதப்படுத்தி வெளியூருக்கு அனுப்புவது அங்கே பெரிய தொழில். 2009-ல் அங்கு நடந்த அகழாய்வில் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு யூத ஜெப ஆலயமே வெளிப்பட்டது.

லூக்கா தரும் தகவல் சுருக்கமானது. ஏழு பிசாசுகள் நீங்கிக் குணமடைந்தவர் இவர். அரசன் ஏரோதின் அதிகாரியான கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் ஆகியோருடன் சேர்ந்து, சொந்தக் காசைச் செலவழித்து இயேசுவுக்கும் சீஷர்களுக்கும் உதவினார். அதாவது, அந்தக் குழு ஊர் ஊராகப் போனதற்குப் பின்னால் இந்தப் பெண்களின் பணமும் இருந்தது. பிசாசு பிடித்தது என்பது அந்தக் காலத்தில் நோயைச் சொல்லும் விதம். ஒழுக்கக் கேட்டைச் சொல்வதற்கான வார்த்தை அல்ல.

கல்லறைக்கு ஏன் மூன்றாம் நாள் போனார்கள்?

இயேசு சிலுவையில் அறையப்பட்டபோது ஆண் சீஷர்களில் பெரும்பாலானோர் ஓடிவிட்டார்கள். மகதலேனா அங்கேயே நின்றார். உடலை எங்கே வைத்தார்கள் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

இறந்தவர் உடலுக்கு வாசனைப் பொருட்கள் பூசி, துணியில் சுற்றி, பாறையில் வெட்டிய கல்லறையில் வைப்பது வழக்கம். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனிக்கிழமை சூரியன் மறையும்வரை எந்த வேலையும் செய்யக்கூடாது. அதனால்தான் ஞாயிறு விடியும் வரை பெண்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இருட்டோடு போய்ப் பார்த்தால் கல்லறை வாசலில் கல் இல்லை. யோவான் சொல்வதன்படி, மகதலேனா ஓடிப்போய் பேதுருவை அழைத்து வந்தார். பேதுருவும் உடன் வந்த சீஷரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இவர் மட்டும் அழுதுகொண்டே நின்றார். எதிரே நின்றவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் அது இயேசு என்று புரிந்தது.

அந்தச் செய்தியை மற்றவர்களுக்குச் சொன்னவரும் இவர்தான். யூத நீதிமன்றங்களில் பெண்களின் சாட்சி பொதுவாக ஏற்கப்படாத காலம் அது. சீஷர்களும் முதலில் வெறும் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள் என்கிறார் லூக்கா. இருந்தும் நான்கு சுவிசேஷங்களும் வெறுமையான கல்லறைக்குச் சாட்சியாக இவர் பெயரைச் சொல்கின்றன.

பின்னே, அந்தக் கதை எங்கிருந்து வந்தது?

லூக்கா 7-ம் அதிகாரத்தில் சீமோன் என்ற பரிசேயர் வீட்டில் ஒரு விருந்து. பெயர் சொல்லப்படாத பாவியான ஒரு பெண் அங்கு வந்து, கண்ணீரால் இயேசுவின் பாதங்களை நனைத்து, கூந்தலால் துடைத்துத் தைலம் பூசுகிறார். உட்கார்ந்து சாப்பிடுபவரின் காலை எப்படி எட்டினார் என்று பலருக்கும் சந்தேகம் வரும். அன்றைய விருந்துகளில் ஒருக்களித்துச் சாய்ந்து, காலைப் பின்பக்கம் நீட்டித்தான் சாப்பிடுவார்கள். பின்னால் நிற்பவருக்குக் கால்தான் அருகில் இருக்கும். புழுதித் தெருவில் நடந்து வரும் விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் தருவது மரியாதை. சீமோன் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண் செய்தார்.

அடுத்த அதிகாரத் தொடக்கத்திலேயே மகதலேனாவின் பெயர் வருகிறது. பெத்தானியா மரியாளும் இயேசுவின் பாதத்தில் தைலம் பூசியதாக யோவான் எழுதியிருக்கிறார். குழப்பத்துக்கு இது போதாதா?

கி.பி. 591-ல் போப் முதலாம் கிரகோரி ரோமில் நிகழ்த்திய பிரசங்கத்தில் மூன்று பேரையும் ஒருவராக்கினார். ஏழு பிசாசுகள் என்பது எல்லாத் தீய குணங்களும் என்றும், அந்தத் தைலம் முன்பு தவறான வாழ்க்கைக்குப் பயன்பட்டது என்றும் விளக்கம் கொடுத்தார். மேற்கு ஐரோப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இந்தக் கலவையை ஏற்கவே இல்லை.

விளைவு ஓவியங்களோடு நிற்கவில்லை. வழிதவறிய பெண்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அடைத்துவைத்து, சம்பளம் இல்லாமல் துணி துவைக்க வைத்த அயர்லாந்து விடுதிகளுக்கு மகதலேன் லாண்டரி என்றே பெயர். திருமணமாகாமல் தாயானவர்கள், ஆதரவற்ற சிறுமிகள் எல்லாரும் அதில் சிக்கினார்கள். கடைசி லாண்டரி மூடப்பட்டது 1996-ல்தான். 2013-ல் அயர்லாந்து பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இயேசுவின் மனைவியா?

டான் பிரவுனின் 2003 நாவலுக்குப் பிறகு அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பைபிளில் அதற்கு ஆதாரம் இல்லை. எகிப்தில் 1945-ல் கிடைத்த பிலிப்பு சுவிசேஷம் என்ற நூல் இவரை இயேசுவின் துணை என்கிறது. அதில் முத்தம் பற்றிய இடத்தில் ஏடே பொத்தலாகிவிட்டது. மிச்சத்தை நிரப்பியது கற்பனைதான். அந்த நூலும் இயேசுவின் காலத்துக்கு நூறாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது.

கத்தோலிக்கத் திருச்சபை 1969-ல் நாட்காட்டியைத் திருத்தியபோது, மகதலேனாவின் நாளான ஜூலை 22-ல் பாவியான பெண்ணின் வாசகத்தை எடுத்துவிட்டு, கல்லறைத் தோட்டச் சம்பவத்தை வைத்தது. 2016-ல் போப் பிரான்சிஸ் அந்த நாளை, அப்போஸ்தலர்களின் நாட்களுக்கு இணையான திருவிழாவாக உயர்த்தினார்.