குளத்துத் தண்ணீரில் கிருமியைக் கண்ட கோச்

இராபர்ட் கோச் என்றதும் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் எழுதப் போவது தண்ணீருக்காக அவர் பட்ட பாட்டைப் பற்றி. அதற்காக அவர் நம் இந்தியாவுக்கே வந்திருக்கிறார்!

1843 டிசம்பர் 11 அன்று ஜெர்மனியில் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்து ஒரு சின்ன ஊரில் டாக்டராக இருந்தபோது அவர் மனைவி ஒரு நுண்ணோக்கி வாங்கிக் கொடுத்தாராம். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதில்தான் கண். 1876-ல் ஆந்த்ராக்ஸ், 1882-ல் காசநோய்.

1883-ல் எகிப்தில் காலரா பரவியது. கோச் குழுவுடன் போனார். பிரான்சிலிருந்தும் ஒரு குழு வந்திருந்தது. அதில் தூயிலியே என்ற இளைஞர் அந்தக் காலராவிலேயே இறந்து போனார். கோச் பயந்து ஊருக்குத் திரும்பவில்லை. எகிப்தில் நோய் அடங்கியதும் கப்பலேறிக் கல்கத்தா வந்தார்.

அங்கே ஒரு குளம், சுற்றிலும் குடிசைகள். குளிப்பது, துவைப்பது, குடிக்க எடுப்பது எல்லாம் அதில்தான். காலராவில் இறந்தவரின் துணியையும் அதிலேயே அலசினார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் பலர் இறந்தார்கள். குளத்துத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், இறந்தவர்களின் குடலில் கண்ட அதே கிருமி! கமா மாதிரி வளைந்திருந்தது. இது 1884-ல். (இத்தாலிக்காரர் பச்சினி 1854-லேயே இதைப் பார்த்துவிட்டார். யாரும் கண்டுக்கல, பாவம்.)

தடுக்கி விழுந்தால் குளம் இருக்கிற மாவட்டம் நம்முடையது. தண்ணி தெளிவா இருந்தா நல்ல தண்ணிதான் என்று வீட்டில் சொல்வாங்க. அந்தக் கிருமியோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தெளிந்த தண்ணியிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1892-ல் நடந்ததுதான். ஹாம்பர்க், அல்தோனா இரண்டும் ஒட்டிய ஊர்கள். இரண்டுக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர். ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகுதான் தண்ணீர் அல்தோனாவுக்கு வரும். ஆனால் அல்தோனாக்காரர்கள் அதை மணலில் வடிகட்டினார்கள், ஹாம்பர்க்கில் அப்படியே குடித்தார்கள். காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,600 பேருக்கு மேல் சாவு, அல்தோனாவில் மிகக் குறைவு. எல்லைத் தெருவில் ஒரு பக்கம் நோய், எதிர்ப்பக்கம் இல்லை! ஹாம்பர்க் பக்கமே ஒரு குடியிருப்புக்கு அல்தோனா குழாய் போயிருந்தது. அங்கேயும் காலரா வரவில்லை. கோச் இதையெல்லாம் ஆராய்ந்து எழுதினார்.

மணலின் மேலே வழுவழுப்பாக ஒரு படலம் பிடிக்கும், கிருமியைப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். தண்ணீரை மெதுவாக விட வேண்டும், அவசரப்பட்டு வேகமாக விட்டால் கிருமியும் கூடவே வந்துவிடும்.

மாசிக் கொடைக்கு நம்ம ஊரில் விற்கிற பாட்டில் தண்ணீருக்கும் முதல் படி பெரும்பாலும் மணல்தான். பிறகு கரி, அது வாடையை எடுக்கும். அடுத்து மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளுவார்கள். அதில் உப்பும் நிற்கும். கோச் காலத்து மணலால் உப்பை எடுக்க முடியாது, கடற்கரைக்காரர்களான நமக்கு இது முக்கியம். கடைசியில் புற ஊதாக் கதிராலோ ஓசோனாலோ மிச்சக் கிருமியைக் கொல்வார்கள். வீட்டில் கிருமியைக் கொல்ல நன்றாகக் கொதிக்க வைத்தாலே போதும்.

கோச் சொன்னதெல்லாம் சரி என்றும் இல்லை. 1890-ல் காசநோய்க்கு மருந்து என்று அவர் சொன்ன டியூபர்குலின் நோயைத் தீர்க்கவில்லை. 1905-ல் நோபல் பரிசு பெற்றார். 1910 மே 27-ல் மறைந்தார். அவரது சாம்பல் பெர்லினில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நிறுவனத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே இன்றும் கிருமிகளைத்தான் ஆராய்கிறார்கள்.