குடும்ப வரலாற்றைப் படித்த மருத்துவர்

நீரிழிவு என்பது முதுமையடைந்தோர்க்கும் செல்வந்தர்க்கும் மட்டுமே வரும் நோய் என்று மக்கள் எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு. அக்காலத்திலேயே அந்நோய்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்று உணர்ந்தவர் மருத்துவர் எம். விசுவநாதன். 1923-இல் பிறந்த அவர், 1948-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவு நோயாளர்க்கான பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். பின்னாளில் அது நீரிழிவுக்கே உரிய மருத்துவமனையாக வளர்ந்தது.

சோறுண்ணும் மக்களிடம் சோற்றை அறவே விலக்கச் சொல்வது பயன்தராது என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே, தானியம், பருப்பு, கீரை, காய்கறி ஆகியன அடங்கிய நார்ச்சத்து மிகுந்த உணவை அளவறிந்து உண்ணும் முறையை வலியுறுத்தினார்.

நோயாளியை மட்டுமன்றி அவர்தம் குடும்பத்தையும் அவர் ஆராய்ந்தார். தாய், தந்தை இருவருக்கும் நீரிழிவு இருப்பின், பிள்ளைகளுக்கு அது மிகுதியாக வருவதை அவரும் அவருடைய குழுவினரும் 1985-இல் வெளியிட்டனர். இளவயதிலேயே தோன்றித் தலைமுறைதோறும் தொடரும் நீரிழிவு வகையையும் அதே ஆண்டில் பதிவுசெய்தனர். நோய் தொடர்வது தெளிவாயிற்று. அதன் காரணம் விளங்கவில்லை.

காரணம் கணையத்தின் பீட்டா செல்களில் மறைந்திருந்தது. உடலின் செல்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மரபணுக்களே உள்ளன. அவற்றுள் எவை இயங்க வேண்டும், எவை அடங்க வேண்டும் என்பதைச் சில கட்டுப்பாட்டுப் புரதங்கள் முறைப்படுத்துகின்றன. பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் அளவோடு கலக்கும்வரையே அலையாத்தி மரங்கள் தழைக்கும். உவர்ப்பு மிகுந்தால் மரங்கள் பட்டுப்போகும். அவ்வாறே, இக்கட்டுப்பாடு நிலைத்திருக்கும்வரையே பீட்டா செல் தன் இயல்பு மாறாது இன்சுலினைச் சுரக்கும். கட்டுப்பாடு குலைந்தால், செல் அழியாமல் இருந்தும் தன் பணியை மறக்கக்கூடும்.

இளவயது நீரிழிவின் இரு வகைகள், இத்தகைய கட்டுப்பாட்டுப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களின் பிழையால் விளைகின்றன என்று 1996-இல் அறிஞர் கண்டறிந்தனர். விசுவநாதன் மறைந்த ஆண்டும் அதுவே.

இக்கண்டுபிடிப்பு நோயாளிகளின் வாழ்வையே மாற்றியது. இவ்வகை நீரிழிவு உடையோருள் பலர், நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளாமல் மாத்திரையாலேயே நோயைக் கட்டுப்படுத்த இயலும். அவர்களை இனங்காணும் முதற்படி, பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் எந்த வயதில் நோய் வந்தது என்று கேட்டறிவதாகும். மரபணுச் சோதனை அதன் பின்னரே வரும். அந்த வினாவை மருத்துவத்தின் இன்றியமையாப் பகுதியாகக் கருதிச் செயலாற்றியவர் விசுவநாதன். விடை பிறகு வரினும், வினாவைப் பொறுமையுடன் தொடர்ந்த அவர்தம் உழைப்பு இன்றும் நோயாளர்க்குப் பயன்தருகிறது.