கண்ணிழந்தும் கலங்காத கூரத்தாழ்வான்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் ‘ஆழ்வான்’ என்ற ஒரு சொல்லாலேயே போற்றப்படும் பெருமை வாய்ந்தவர் கூரத்தாழ்வான். காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில், 1010ஆம் ஆண்டில், தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் இவர் அவதரித்ததாகப் பெரியோர் கூறுவர். நல்லெண்ணம் ஒருவரை எத்துணை உயரத்திற்கு ஏற்றும் என்பதற்கு இம்மஹானின் சரித்திரமே தக்க சான்றாகும்.

பெருஞ்செல்வம் படைத்திருந்தும் அனைத்தையும் துறந்து, தேவி ஆண்டாளுடன் திருவரங்கம் சென்று, எம்பெருமானார் இராமானுசரை அடிபணிந்தார். அங்கே உஞ்சவிருத்தியால் வாழ்ந்தும் குறையென எதையும் நினைத்திலர். காச்மீரத்தில் பெற்ற போதாயன விருத்தி வழியிலேயே பறிபோனபோது உடையவர் வருந்தினார். ஆழ்வானோ இரவுதோறும் அதை ஓதி நெஞ்சில் நிறுத்தியிருந்தார். ஸ்ரீபாஷ்யம் எழுந்தது அதன் துணைகொண்டே.

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. கிருமிகண்டன் எனக் குருபரம்பரை நூல்கள் குறிக்கும் சோழ மன்னன், தன் கொள்கைக்கு இசைந்து கையொப்பமிடுமாறு உடையவரை அழைத்தான். ஆழ்வான் ஆசார்யரின் காஷாயத்தைத் தாம் அணிந்து அவருக்குப் பதிலாகச் சென்றார். உடையவர் மேல்நாட்டிற்கு எழுந்தருளினார். கையொப்பமிட மறுத்த ஆழ்வான் அவ்வவையில் இரு கண்களையும் இழந்தார். உடன் சென்ற பெரியநம்பியும் திரும்பும் வழியில் பரமபதித்தார்.

திருவரங்கம் மீண்ட ஆழ்வானுக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. உடையவரைச் சார்ந்தோர் கோயிலுள் புகலாகாது என்பது அரசாணை. எல்லோர்க்கும் நல்லவராதலின் இவர் மட்டும் செல்லலாம் என்றனர் காவலர். ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கிக் கிடைக்கும் ஸேவை வேண்டாவென்று திரும்பிய ஆழ்வான், திருமாலிருஞ்சோலையில் சென்று வாழ்ந்தார். கண்ணற்ற அந்நிலையில் அழகரின் திருமேனியழகை ஸுந்தரபாஹு ஸ்தவமாகப் பாடினார் என்பது எண்ணியெண்ணி வியக்கத்தக்கது.

மன்னன் மறைந்தபின் மீண்ட உடையவர், சீடரின் நிலை கண்டு உள்ளம் உருகினார். காஞ்சிப் பேரருளாளனைத் துதித்துக் கண்களை வேண்டுமாறு நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் விண்ணப்பித்தார். பெருமாளும் வரமளிக்கத் திருவுள்ளம் கொண்டார். ஆனால் அவர் வேண்டியதோ, தம்மை அரசனிடம் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்டவேண்டும் என்பது! புறக்கண்ணைக் காட்டிலும் அவனுடைய நற்கதியே அவருக்குப் பெரிதாயிற்று.

நற்சிந்தனை என்பது துன்பத்தைத் துன்பமன்று எனச் சாதிப்பதன்று. இழந்ததை எண்ணி நெஞ்சில் நஞ்சு வளர்க்காமல், எஞ்சியதை எம்பெருமானுக்கும் பிறர் நன்மைக்கும் ஆக்குவதே அது. நமக்குத் தீங்கிழைத்தவர் ஒருவரேனும் இருப்பர். பெருமாள் ஸந்நிதியில் நிற்கும்போது அவருக்காகவும் ஒருமுறை கைகூப்புவோமாக. ஆழ்வான் காட்டிய வழியில் அதுவே முதற்படி.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.