குழந்தைக்கான பணம் யார் கைக்குப் போகணும்? கேட்டு ஜெயித்த எலினோர் ராத்போன்

குழந்தை வளர்ப்பு குடும்பத்தோட சொந்தச் செலவா, அரசு பட்ஜெட்டில் வர வேண்டிய செலவா? பிரிட்டனில் இந்தக் கேள்வியைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடாமல் எழுப்பியவர் எலினோர் ராத்போன் (1872–1946).

லிவர்பூலின் வசதியான வணிகக் குடும்பம், ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. 1909-ல் லிவர்பூல் மாநகராட்சியின் முதல் பெண் கவுன்சிலர் ஆனார்.

முதல் உலகப் போரில் ராணுவ வீரர்களின் மனைவிகளுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. லிவர்பூலில் அந்தப் பணியைக் கவனித்த ராத்போனுக்கு ஒன்று புரிந்தது: பணம் அம்மா கைக்கு வந்தால், பிள்ளைகள் தட்டுக்குப் போய்ச் சேரும். தனி ஆளுக்கும் ஐந்து பிள்ளைகள் உள்ளவருக்கும் ஒரே கூலி என்றால், அடிபடுவது பிள்ளைகள்தான் என்று 1924-ல் புத்தகமே எழுதினார்.

1929-ல் சுயேச்சை எம்.பி. ஆனார். 1945-ல் குடும்ப உதவித்தொகை மசோதா வந்தது. ஆனால், பணம் அப்பாவுக்கு! இத்தனை வருடம் கேட்டு வாங்கிய மசோதாவையே எதிர்த்து ஓட்டுப் போடத் தயாரானார் ராத்போன். அரசு இறங்கி வந்தது. பணம் அம்மாவுக்கு என மாறியது.

இரண்டாவது குழந்தையிலிருந்து, ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் 5 ஷில்லிங். 1946 ஆகஸ்டில் முதல் தொகை அம்மாக்கள் கைக்கு வந்தது. அதைப் பார்க்க ராத்போன் இல்லை. ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.