ஆட்டின் மூளைக்கட்டிக்குக் காரணம் கண்ட மருத்துவர்

உங்கள் பட்டியில் ஒரு குட்டி தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாகச் சுற்றுகிறதா? மந்தையை விட்டு விலகித் தள்ளாடுகிறதா? அதன் மூளையில் நீர்க்கட்டி வளர்ந்திருக்கலாம். அந்தக் கட்டி எப்படி வருகிறது என்பதைச் சோதனை மூலம் காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரெட்ரிக் கூஷன்மைஸ்டர்.

1821-ல் சாக்சனி பகுதியில் பிறந்த இவர், சிட்டாவ் என்ற ஊரில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே புழுக்களை ஆராய்ந்தார். அக்காலத்தில் இத்தகைய கட்டிகள் உடலுக்குள் தானாகவே உண்டாகின்றன என்று பலர் நம்பினர். இவர் அதை ஏற்கவில்லை. 1851-ல் முயலின் உடலில் இருந்த கட்டிகளை நாய்க்குத் தின்னக் கொடுத்தார். நாயின் குடலில் அவை நாடாப்புழுக்களாக வளர்ந்தன.

அடுத்து, சுற்று நோய் கண்ட ஆட்டின் மூளைக்கட்டியை நாய்க்குக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த நாடாப்புழுவின் முட்டை நிறைந்த துண்டுகளை ஆட்டுக்குட்டிகளுக்குக் கொடுத்தார். சில வாரங்களில் குட்டிகளுக்கு நோய் கண்டது. மற்ற நாட்டு ஆய்வாளர்களும் இதைச் செய்து பார்த்து உறுதி செய்தனர்.

மரண தண்டனைக் கைதி ஒருவருக்குப் பன்றியின் கட்டிப்புழுக்களை உணவில் கலந்து கொடுத்தும் இவர் சோதித்தார். அதற்காகக் கடும் கண்டனத்துக்கும் ஆளானார். 1890-ல் டிரெஸ்டன் நகரில் காலமானார்.

இவரது ஆய்விலிருந்து நீங்கள் அறிய வேண்டியது ஒன்றுதான். இந்த நோய் ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராகத் தொற்றுவதில்லை. நடுவில் நாய் இருக்கிறது. நாயின் சாணத்தில் வரும் முட்டைகள் புல்லில் ஒட்டிக்கொள்கின்றன. புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போன முட்டையிலிருந்து வெளிவரும் புழு, இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து, மாதக்கணக்கில் கட்டியாகப் பெருக்கிறது. கட்டி முற்றிய பின் மருந்தால் குணமாவது அரிது. சில ஆடுகளுக்கு மட்டுமே அறுவை சிகிச்சை பலன் தரும்.

எனவே நாயைக் கவனியுங்கள்:

* செத்த அல்லது அறுத்த ஆட்டின் தலையையும் மூளையையும் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரித்துவிடுங்கள்.
* கிடை நாய்க்கும் வீட்டு நாய்க்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் நாடாப்புழு மருந்து கொடுங்கள். ஆட்டுக்கு மட்டும் குடற்புழு நீக்கம் செய்தால் போதாது.
* தீவனம், தண்ணீர்த் தொட்டி அருகே நாய் மலம் கழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* நாயைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அரிதாக மனிதருக்கும் இந்தக் கட்டி வருவதுண்டு.

குட்டி சுற்றத் தொடங்கியதும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெறிநோய் போன்ற வேறு நோய்களிலும் இதே போன்ற அறிகுறிகள் தெரியலாம் என்பதால் வாயில் கைவிட்டு மருந்து புகட்டாதீர்கள்.