கொசுவை அறிந்த மருத்துவர்

கெட்ட காற்று எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து பிறந்த பெயரே மலேரியா. சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே அக்காய்ச்சலை உண்டாக்குகிறது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் பலரும் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்த சான்று ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் கிடைத்தது. அதனைக் கண்டவர் ரொனால்டு ராஸ்.

1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயமலைப் பகுதியிலுள்ள அல்மோராவில் பிறந்த ராஸ், எட்டாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கவிதையிலும் ஓவியத்திலும் நாட்டம் கொண்டிருந்த அவர், படைத்தலைவரான தந்தையின் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் பயின்றார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

1894இல் விடுப்பில் லண்டன் சென்றிருந்தபோது, மருத்துவ அறிஞர் பாட்ரிக் மான்சன் அவருக்கு மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் காட்டினார். நோயாளியின் குருதியில் அவ்வொட்டுண்ணி இருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். அது குருதியிலிருந்து வெளியேறி எங்கே செல்கிறது என்பதே விளங்காத புதிர். கொசுவின் உடலுக்குள் செல்லக்கூடும் என்பது மான்சனின் கருத்து. அக்கருத்தை மெய்ப்பிக்கும் உறுதியோடு 1895இல் ராஸ் இந்தியா திரும்பினார். செகந்திராபாத்தில் ஆய்வு தொடங்கியது.

பிடித்த கொசுவை அப்படியே ஆராய்வதால் பயனில்லை. அது முன்பு யாரைக் கடித்தது என்பது தெரியாது. ஆதலால் நீரிலிருந்து எடுத்த கொசுப்புழுக்களைப் புட்டிகளில் வளர்த்து, புதிதாய்ச் சிறகு முளைத்தவற்றை வலைக்குள் படுத்திருக்கும் நோயாளியைக் கடிக்கச் செய்தார். குருதி குடித்த கொசுக்களைக் கண்ணாடிக் குழாய்களில் தனித்தனியே அடைத்துச் சில நாள் உயிரோடு காத்தார். பின்னரே அறுத்தாய்வு. இறகும் காலும் நீக்கிய கொசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீரில் கிடத்த வேண்டும். ஓர் ஊசியால் மார்புப் பகுதியை அழுத்திக்கொண்டு, மற்றோர் ஊசியால் வயிற்றின் நுனியை மெல்ல இழுத்தால் இரைப்பை முழுமையாக வெளிவரும். சற்று விரைந்து இழுத்தாலும் அது கிழிந்துவிடும். அத்தனை நாள் காத்தது வீண். வெளிவந்த இரைப்பையை மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடி, உயிரணு உயிரணுவாக நோக்க வேண்டும். அறைக்குள் தாங்கொணா வெப்பம். விசிறியை அசைத்தால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் அதையும் நிறுத்திவைத்தார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன.

ஏறத்தாழ ஈராண்டுகள் இவ்வாறு கழிந்தும் எதுவும் புலப்படவில்லை. கை தேர்ந்திருந்தது, கருவியும் போதுமானதாக இருந்தது. ஆயினும் அவர் அறுத்துப் பார்த்தவை மலேரியாவைப் பரப்பாத இனங்கள். கொசுக்களின் வகைகளைத் தெளிவாக விளக்கும் நூலொன்றும் அவர் கையில் இல்லை. சாம்பல்நிறக் கொசு, வரிக்கொசு எனத் தாமே பெயரிட்டு அழைத்தார். ஊசிமுனையில் அவர் காட்டிய நுட்பத்தை இனங்காண்பதிலும் முன்னரே காட்ட இயன்றிருந்தால் அந்த ஈராண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும். 1897இல் உதகமண்டலத்தை அடுத்த சீகூர் மலைப்பாதைப் பகுதிக்குச் சென்ற அவரை மலேரியாவே பற்றிக்கொண்டது. அங்கே சுவரில் விந்தையான நிலையில் அமர்ந்திருந்த புள்ளிச்சிறகுக் கொசு ஒன்று அவர் கருத்தைக் கவர்ந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் அத்தகைய கொசுக்களே புட்டிகளில் பொரித்து வெளிவந்தன. 16ஆம் நாள், உசேன் கான் என்னும் நோயாளி அவற்றுக்குத் தம் உடலைத் தந்தார். கொசு ஒன்றுக்கு ஓரணா அவருக்குக் கூலி. அவரின்றி இவ்வாய்வே இல்லை. எனினும் அவரைப் பற்றி வரலாறு பாதுகாத்த செய்தி மிகச் சிறிது. ஆகஸ்டு 20ஆம் நாள், எஞ்சிய இரு கொசுக்களுள் ஒன்றை ராஸ் அறுத்தார். இரைப்பைச் சுவரில் இதுவரை கண்டிராத வட்ட வடிவ உயிரணுக்கள் தென்பட்டன. அவற்றினுள்ளே கருந்துகள்கள்; மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய அதே துகள்கள். மறுநாள் இறுதிக் கொசுவை அறுத்தபோது அவ்வுயிரணுக்கள் முன்னினும் பெரியனவாயிருந்தன. ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்கிறது என்பது தெளிவாயிற்று.

ஆய்வு கனிந்த வேளையில், மலேரியா அரிதாயிருந்த இராசபுதனத்துக் கெர்வாராவுக்கு அவர் மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், மனித நோயாளிகளைக் கொண்டு ஆய்வைத் தொடர இயலாத சூழலில், பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். 1898 ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியைக் கண்டார். கடியின் வழியே அது நலமுள்ள பறவைக்குப் பரவுவதையும் நிறுவினார். மனித மலேரியாவில் இதே உண்மையை இத்தாலிய அறிஞர் கிராசி குழுவினர் அவ்வாண்டிலேயே மெய்ப்பித்தனர். யார் முதல்வர் என்னும் பூசலில் இருவருமே தம் பெருமையைக் குறைத்துக்கொண்டனர். 1902ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ராஸுக்குக் கிடைத்தது. 1932இல் லண்டனில் அவர் காலமானார்.

செகந்திராபாத் கண்டுபிடிப்பை 1897 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டபோதும் அக்கொசுவின் அறிவியல் பெயரை அவர் அறிந்திருக்கவில்லை. சிறகின் புள்ளிகளையும் படகு போன்ற முட்டைகளையும் விளக்கியே அதனை உலகுக்கு அடையாளம் காட்டினார். அனாபிலிஸ் என்னும் பெயரால் இன்று அதனை அறிகிறோம்.